ஆறே மாதத்தில் ஊர்க்காரர்கள்

தீப்பெட்டி ஆலையின் விடுதி அறையில் இருந்தவர்கள்: சென்னைப் பேராசிரியர் சூர்யபிரகாஷ், அவருக்கு ஒடியா மொழிபெயர்க்கும் பெண், ஃபோர்மேன் பெத்தணன், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த மூன்று பெண்கள். அந்த மூவருக்கும் சொந்த ஊர் தாயில்பட்டி.

நிஜ ஒடியாப் பெண்கள் போன வாரமே கூட்டமாகத் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். பிழைக்க வந்தவர்களை ஆலை இருக்கும் விஸ்வநத்தம் எப்படி ஏற்றுக்கொள்கிறது என்று ஆராய்ச்சி செய்யப் பேராசிரியர் வந்துவிட்டார். "சரக்கு வாங்குற கம்பெனிக்கு அவரு நல்லபடியா எழுதலன்னா ஆர்டர் போயிரும். ஆர்டர் போனா நீயும் போயிருவ," என்று முதலாளி பெத்தணனிடம் சொல்லியிருந்தார்.

பெத்தணன் விடுதிச் சமையல்காரி சோலையம்மாளையும், மாரிசெல்வியையும், ஞானசுந்தரியையும் பிடித்து வந்து உட்காரவைத்தான். தமிழ் பேசக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. மொழிபெயர்க்க ஆள் வரும் என்று அவன் நினைக்கவில்லை.

ஆனால் மொழிபெயர்க்க வந்தவள் பேச்சில் சிவகாசி வாடை அடித்தது. நம்ம பிள்ளைதான், காப்பாற்றிவிடுவாள் என்று மூச்சுவிட்டான்.

"ஊர்ல எப்படி நடத்துறாங்க?" என்று பேராசிரியர் கேட்டார். அவள் அதை ஒடியாவில் கேட்டாள்.

"கிண்டா பொண்டா," என்றாள் ஞானசுந்தரி.

"ஒருத்தரும் வாடகைக்கு வீடு தரமாட்டேங்காகளாம் சார்."

பெத்தணன் அவசரமாகக் குறுக்கிட்டான். "அது பழைய கதை சார். இவள கேளுங்க," என்று மாரிசெல்வியைக் காட்டினான்.

"குமுட்டா," என்றாள் மாரிசெல்வி.

"குழாயடியில குடம் வைக்க விடலையாம். தினமும் ஒரே சாம்பாராம். அதுல பருப்பு எங்கன இருக்குன்னு தேடணுமாம்."

"ஒரு வார்த்தையிலயா இவ்வளவும்?"

"சுருக்கமான பாஷை சார்."

சோலையம்மாள் எழுந்தாள். "ஏட்டி, எஞ்சாம்பாரையா குறை சொல்லுத? வடக்க இருந்து வந்தவளுகளுக்கு வாய் எம்புட்டு நீளம்?"

பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார்.

"இவங்க தமிழ் பேசறாங்களே," என்றார் பேராசிரியர்.

"வந்து ஆறு மாசமாச்சு சார்," என்றான் பெத்தணன். "ஊரு அம்புட்டுப் பாசமாச் சொல்லிக்குடுத்திருக்கு."

"குழாய்ப் பிரச்சினை இருக்காம்மா?" என்று பேராசிரியர் சோலையம்மாளிடம் கேட்டார்.

"பெறகு? இந்த வடக்குக்காரிகளக் குழாயடியில விட்டா நாங்க தண்ணிக்கு எங்கன போறது?"

பேராசிரியர் பேனாவை மூடினார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஆறே மாசத்துல வெளியூர்க்காரங்களையே பிடிக்காத அளவுக்கு ஊரோட ஒட்டிட்டாங்க. இப்படி எங்கேயும் பார்த்ததில்லை. மூணு பேரும் இந்த அறையிலேயே இருக்கட்டும். மாசாமாசம் வந்து பார்ப்பேன். ஒரு வருஷம்."

"வருசமா?" என்றாள் ஞானசுந்தரி. "எம்புருசனுக்கு யாரு சோறு பொங்குவா?"

பேராசிரியர் அதற்குள் காருக்குப் போய்விட்டார். மொழிபெயர்த்தவளும் பின்னாலேயே போனாள். பெத்தணன் மூவரையும் சமாதானப்படுத்தத் திரும்பினான். கதவு சாத்தப்பட்டது. வெளியே பூட்டு விழுந்தது.

"தாயி, நாங்க உள்ள இருக்கோம்," என்று தட்டினான்.

"ஆறு மணியானா வெளியப் பூட்டணும்னு நீகதானே அண்ணாச்சி சட்டம் வச்சீக," என்றது மொழிபெயர்த்தவளின் குரல். "ஒடிசாவுல இருந்து வந்து ரெண்டு வருசம் இதே ரூம்ல தங்கி உங்களுக்குப் பெட்டி ஒட்டுனேன், எம்மூஞ்சிய ஒருநாளும் நீக பாத்ததில்ல."