பார்சலில் வந்த செவ்வந்தி

செவ்வந்தி செத்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளப் போஸ்ட்மேனுக்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் விடாமல் தண்ணீர் ஊற்றினார். ஊற்றி ஊற்றித்தான் அது அழுகியதே!

ஓய்வுபெற்று இரண்டு வருடமாகியும் தெருவுக்கு அவர் போஸ்ட்மேன்தான். மகளின் பிரசவத்துக்குக் கிளம்பிய மனைவி, "செடியைப் பாத்துக்கங்க" என்று ஒன்றே ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

சாதாரணச் செடியா அது? முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் அவள் பெயருக்குப் பார்சலில் வந்தது. வீடு பூட்டியிருந்த மூன்று நாளும் பெட்டியைப் பைக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்து, நாலாம் நாள் கொடுத்தார். மறுநாள் கடிதம் எதுவும் இல்லாமலே அவள் வீட்டுப் பச்சைக் கதவின் முன்னால் அவருடைய சைக்கிள் மணி அடித்தது.

"செடி எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்கு. நாளைக்கு வந்து பாருங்களேன்."

இப்படிப் பார்க்கப் போய்ப் போய்த்தான் கல்யாணமே நடந்தது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கட்சி. "செடின்னா பார்சல்ல வரணும். அடுத்த தெரு நர்சரியில விக்கிறதெல்லாம் ஒரு வருஷம்கூடத் தாங்காது." அந்த வாசலை அவர் மிதித்ததே இல்லை.

போன் அடித்தது. மனைவிதான்.

"செடி எப்படிங்க இருக்கு?"

"ஜம்முனு இருக்கு."

"மொட்டு விட்டிருக்கா?"

"நாலு."

விதை வாங்கித் தூவினார். தொட்டி நிறையப் பச்சை முளைத்தது. பத்தாம் நாள்தான் அது வெறும் புல் என்று தெரிந்தது.

"இப்ப எத்தனை மொட்டு?"

"ஒன்பது!" வாய் சும்மா இருந்தால்தானே.

பார்சலில் வரவழைத்தார். படத்தில் இருந்தது புதர், பெட்டியில் இருந்தது காய்ந்த குச்சி. "எங்க காலத்துல பார்சலை இப்படியா கொண்டுவந்து குடுத்தோம்?" என்று கொண்டுவந்தவரிடம் எகிறினார்.

"நாளைக்கு வர்றேங்க. ஒன்பதும் பூத்திருக்குமே?"

"பூத்துக் குலுங்குது."

போனை வைத்ததும் கண் கலங்கிவிட்டது. முப்பத்தைந்து வருடத்தைத் தண்ணீர் ஊற்றியே கொன்றுவிட்டோமே! வேறு வழியில்லாமல், தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு நர்சரிக்குள் நுழைந்தார்.

"வாங்க சார்!" என்றாள் நர்சரிக்கார அம்மா, துண்டைச் சட்டை செய்யாமல். "ஒன்பது பூவோட ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லி அக்கா நேத்தே போன் பண்ணிட்டாங்க. எப்பவும் அவங்கதான் வந்து வாங்குவாங்க."

"எப்பவுமா?"

"ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை. இது பதிமூணோ, பதினாலோ."

போஸ்ட்மேன், அங்கே கவிழ்த்து வைத்திருந்த ஒரு தொட்டியின் மேல் உட்கார்ந்தார். "அப்போ பார்சல்ல வந்த செடி எத்தனை வருஷம் இருந்துச்சும்மா?"

"அது எங்க சார் இருந்துச்சு? பெட்டியைப் பிரிக்கும்போதே கருகிக் கெடந்துச்சாம். செத்துப்போச்சுன்னா நீங்க அப்புறம் வரவே மாட்டீங்களேன்னு, 'நாளைக்கு வந்து பாருங்க'ன்னு சொல்லிட்டு, உங்க சைக்கிள் தெரு திரும்பினதும் எங்கப்பாகிட்ட ஓடி வந்து முதல் செடியை வாங்கிட்டுப் போனாங்க!"