கடன் மட்டும் பர்மனென்ட்டா?

உலகத்தில் இருப்பது இரண்டே இனம்தான், ஒன்று பர்மனென்ட், இன்னொன்று கான்ட்ராக்ட் என்று அடித்துச் சொன்ன ஒரே மேதை எங்கள் பர்மனென்ட் மாமாதான். சொந்தப் பெயர் என்னவோ, அது அவருடைய கேட் பாஸுக்கு மட்டுமே தெரியும். நிலக்கரி மைன்ஸில் என் அப்பா பர்மனென்ட். அதே ஷிப்டில், அதே கன்வேயர் பெல்ட் பக்கம், மாமா கான்ட்ராக்ட். "அடுத்த வருஷம் போட்ருவாங்க" என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் தலை நரைத்தது. என் அம்மாவை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கு மாமா ஆனார்.

யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். எங்கள் பிளாக்கில் ஒரு கல்யாணம். மேடையேறி மொய்க்கவரை நீட்டியவர், ரகசியமாகக் கேட்பதாக நினைத்து மைக்குக்குப் பக்கத்திலேயே கேட்டார்:

"தம்பி, பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

மாப்பிள்ளை பாவம், கல்யாணத்தைப் பற்றித்தான் கேட்கிறார் போல என்று பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பர்மனென்ட்தாங்க, சத்தியமா" என்றான். மண்டபமே கைதட்டியது.

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பூனை வந்தபோதும் இதே கவலைதான். "சோறு வெக்காதக்கா. வெச்சா பர்மனென்ட் ஆயிடும்." அம்மா வைத்தாள். ஆகிவிட்டது.

ப்ளஸ் டூ முடித்ததும், படித்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கிடைத்தது ஒரு தனியார் கல்லூரி. ஃபீஸைக் கேட்டதும் அப்பா எழுந்துபோய் ஃபேன் சுவிட்சைத் தட்டினார். ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது.

கல்விக்கடன் வாங்கலாம். ஆனால் நான் படித்து முடிக்கிற சமயத்தில் அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வாடகையும் தவணையும் கைகோத்துக்கொண்டு வரும்.

"ஐடில சேர்ந்துட்டா மடமடன்னு கட்டிடலாம்ப்பா."

"சேர்ந்துட்டா" என்றார் அப்பா. அந்தச் 'சேர்ந்துட்டா' அன்றிலிருந்து மூன்று பேர் வீட்டில் நாலாவது ஆளாகச் சாப்பிட உட்கார்ந்தது.

வங்கியில் ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் கேட்டார்கள். அப்பா சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். அன்றைக்கு எங்கள் வம்சத்தில் யாருக்குமே சிக்னல் இல்லை. "நான் போடறேன், வா" என்று இஸ்திரி போட்ட சட்டையும் விபூதியுமாக வந்து நின்றவர் பர்மனென்ட் மாமாதான். சட்டைப்பையில் புதுப் பேனா வேறு.

மேனேஜர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "மைன்ஸா? பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

ஊரையே அவர் கேட்ட கேள்வியை அவரிடம் ஒருத்தர் கேட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கான்ட்ராக்ட் சார்." பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அப்ப உங்க கையெழுத்து செல்லாதுங்க."

மாமா பேனாவை மூடிப் பையில் வைத்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. "வட்டி எப்படி சார்?" என்றார். வட்டி நிலையாக இருக்காது, ஏறும், இறங்கும் என்று மேனேஜர் பொறுமையாக விளக்கினார்.

"அப்ப வட்டி கான்ட்ராக்ட்டு. பாப்பாவுக்குக் கெடைக்கப்போற வேலையும் கம்பெனி மாறிக்கினே இருக்குமாம், அதுவும் கான்ட்ராக்ட்டு. கடன் மட்டும் பர்மனென்ட்டா சார்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

மறுநாள் வங்கி திறந்ததும் மாமா மறுபடி வந்தார். நைட் ஷிப்ட் முடிந்து தூக்கம் சொக்கிய ஓர் ஆபரேட்டரை, சட்டையில் நிலக்கரித் தூசியோடு மொபெட்டில் அள்ளிப்போட்டுக் கூட்டி வந்திருந்தார். "இந்தாங்க சார், ஒரிஜினல் பர்மனென்ட்." அந்த மனிதர் கொட்டாவி விட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

படித்தேன். கேம்பஸில் வேலையும் கிடைத்தது. சேரும் தேதியைத்தான் கம்பெனி தள்ளிக்கொண்டே போனது. அப்பா ரிட்டயர் ஆனார். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்தோம், பூனையோடு. போனில் மெயில் சத்தம் வந்தால் மூன்று பேரும் திரும்புவோம். பாதி நேரம் பீட்சா தள்ளுபடி. ரிட்டயர்மென்ட் பணத்தை எடுத்து அப்பா தவணை கட்டினார், என் முகத்தைப் பார்க்காமல். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

மாமாவின் மொபெட் சத்தம் கேட்டாலே தோட்டத்துப் பக்கம் ஓடினேன். அந்தக் கேள்வியை மட்டும் என்னால் தாங்க முடியாது.

கடைசியில் ஒரு வேலை வந்தது. ஏஜென்சி மூலம், வீட்டிலிருந்தே, ஒரு வருஷ ஒப்பந்தம். தவணை போக மிச்சம் வாடகைக்கே இழுபறி. அந்த வாரமே கடைத்தெரு டீக்கடையில் மாமாவிடம் மாட்டினேன்.

"இன்னா பாப்பா, வேலை கெடைச்சிச்சாமே?"

அவர் கேட்பதற்குள் நானே கொட்டிவிட்டேன். "கான்ட்ராக்ட்தான் மாமா. ஒரு வருஷம். அதுக்கப்புறம் தெரியாது."

மாமா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "அப்ப நம்மாளு. உக்காரு."

உட்கார்ந்தேன்.

"முடியறதுக்கு முன்னாடியே ரினீவலுக்கு நச்சரிக்க ஆரம்பி. டெய்லி மொகத்தக் காட்டிக்கினே இருக்கணும்."

"வீட்லேர்ந்து வேலை மாமா. அவங்களுக்கு என் மொகமே தெரியாது."

"அப்ப ரொம்பக் கஷ்டம்" என்று எனக்கு ஒரு வடை சொன்னார்.

வருஷம் முடியப்போகிறது. ரினீவல் வருமா, தெரியாது. மாமா சொன்னபடி நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். அந்த டீக்கடை பெஞ்சில் அவருக்குப் பக்கத்து இடம் மட்டும் எனக்குப் பர்மனென்ட்.