ஊசி சிஸ்டரின் சிவப்பு டர்போ

திண்டுக்கல்லில் ஊசி சிஸ்டருக்குப் பயப்படாத மனிதர் கிடையாது. மாவட்டத்தின் பெரிய அதிகாரியே எதிரில் வந்தாலும், தன்னை அறியாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் பேசுவார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர்கூட “ஊசி சிஸ்டர் வீடு எது?” என்றுதான் கேட்பார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போடுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. “வீட்ல இன்னைக்கு என்ன வெஞ்சனம்?” என்று விசாரிப்பார். நாம் கத்தரிக்காய் என்று சொல்ல வாயெடுப்போம். ‘கத்தரி’ முடிவதற்குள் ஊசி ஏறி இறங்கியிருக்கும். ‘காய்’ வரும்போது பஞ்சு வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை பார்த்த காலம் முழுக்க நர்ஸ் குவார்ட்டர்ஸில், ஒரே அறையை இன்னொருவருடன் பங்கு போட்டுக்கொண்டு இருந்தார். ஓய்வு பெற்றபின் பேகம்பூர் பக்கம் எங்கள் தெருவில், என் வீட்டை ஒட்டிய போர்ஷனுக்கு வாடகைக்கு வந்தார். கொஞ்ச நாள்தான் இருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். காரணம், அகரத்தில் பூ விவசாயம் செய்யும் அவருடைய தம்பி. வீட்டுக்குப் பின்னால் மாட்டுத் தீவனம் போட்டுவைத்திருந்த அறையை ஒழித்து, வெள்ளையடித்து, அக்காவுக்காகத் தயார் செய்திருப்பதாக அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவருடைய வீட்டில் மாடும் உண்டு, சமையலும் உண்டு, முடியாமல் படுத்திருக்கும் மாமியாரும் உண்டு. அக்கா வந்தால் எல்லாவற்றுக்கும் சௌகரியம்.

சிஸ்டர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய்விட்டார். சொல்லிக்கொடுத்தவர் கொஞ்ச நாளிலேயே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார். சிஸ்டர்தான் பக்கத்து சீட்டில் வைத்தே கண்டுபிடித்து டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார்.

ஒரு காலை, தெருவில் ரத்தச் சிவப்பில் ஒரு குட்டிக் கார் நின்றது. யாரோ வெளியூர் விருந்தாளி என்று நினைத்தோம். சிஸ்டர் வெள்ளைச் சேலையில் இறங்கி வந்து அதன் கதவைத் திறந்தபோது, பால் வாங்கிக்கொண்டிருந்த என் மனைவி பாத்திரத்தைச் சாய்த்துவிட்டாள். எனக்கு அதைவிட அதிர்ச்சி, பின்பக்கம் ‘டர்போ’ என்று எழுதியிருந்தது. முனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் எட்டிப் பார்த்து, இது சின்னப் பசங்க பறக்கிற வண்டியாச்சே சிஸ்டர், பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா என்றார். பார்த்துத்தான் வாங்கினேன் என்று சிஸ்டர் சொல்லிவிட்டு, போன மாதம் ஆணி குத்தியதற்கு அவர் ஊசி போட்டுக்கொண்டாரா என்று விசாரித்தார். அவர் ஒர்க்‌ஷாப்புக்குள் போய்விட்டார்.

“உள்ள வந்து உக்காந்து பாருங்க தம்பி” என்று என்னை அழைத்தார்.

நான் முதலில் தேடியது சீட்டில் பிளாஸ்டிக் உறையை. எங்கள் ஊரில் வண்டி பழசாகி விற்கும்வரை அந்த உறையைக் கிழிப்பதில்லை. சிஸ்டர் ஷோரூமிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். கறுப்பு சீட், ஓரமெல்லாம் சிவப்பு நூல் தையல். “தையல் எம்புட்டு நெருக்கமா இருக்கு பாருங்க. நம்ம டாக்டர்ங்க யாரும் இப்படிப் போட்டதில்ல” என்றார். மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவரின் டேஷ்போர்டில் மாதா சிலை இல்லாதது எனக்கு இன்னொரு அதிர்ச்சி. கேட்டேன். மாதா கோயிலில் நிம்மதியாக இருக்கிறார், என் கூடவே வந்து வெயிலில் காய வேண்டுமா என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். காலுக்குக் கீழே பளபளவென்று உலோக பெடல். கதவோரம் சிவப்பாகக் கசியும் விளக்கு. வயர் இல்லாமல் போனுக்குச் சார்ஜ் ஏறும் பலகை. ஏசிக் காற்று வந்து குளிரும் டப்பா. அதில் ஒரு மோர் பாட்டில். டயர் காற்றைக் காட்டும் எண்ணுக்கு ‘பிரஷர்’, எஞ்சின் சூட்டுக்கு ‘ஜுரம்’ என்று பெயர் வைத்திருந்தார். டர்போ என்றால் என்ன என்று கேட்டேன். மூச்சு வாங்குகிறவனுக்கு ஆக்ஸிஜன் வைக்கிற மாதிரி என்றார். உள்ளே இருக்கும் காற்று சுத்தமா என்று காட்டும் கருவி ஒன்றும் இருந்தது. அதுவரை பச்சையாக இருந்தது, நான் ஏறி உட்கார்ந்ததும் சிவப்பானது. சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காலையில் வெங்காயப் பச்சடி சாப்பிட்டதை ஒப்புக்கொண்டேன்.

பேச்சைக் கேட்டு வேலை செய்யும் வசதிதான் உச்சம். “அம்மா, மேல் கதவத் தெற” என்றார் சிஸ்டர், கூரையில் இருந்த கண்ணாடியைக் காட்டி. உள்ளிருந்து ஒரு பெண் குரல், புரியவில்லை என்று இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டது. சிஸ்டர் அதைக் குறையாக நினைக்கவில்லை. காது கொஞ்சம் மந்தம், சத்தமாகச் சொன்னால் செய்வாள் என்றார்.

இரண்டு ஞாயிறு கழித்துத் தம்பி வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார், திரும்பிப் போக பஸ் தேவைப்படாது என்கிற தெளிவு முகத்தில் இருந்தது. வீட்டுக்குள்கூடப் போகவில்லை. கார் பக்கத்தில் நின்று கையை நீட்டினார்.

“சாவியக் குடுக்கா. வண்டி அங்க நம்ம வீட்டு வாசல்ல நிக்கட்டும், எம் பயலுக்குப் பொண்ணு குடுக்க வர்றவங்களுக்கும் ஒரு இதுவா இருக்கும். நீயும்தான் வரப்போற. ஒனக்கு எதுக்கு இம்புட்டு வேகம்?”

சிஸ்டர் பெரிய சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து நான் ஜன்னலருகே நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே, வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்காமல் எப்படிக் கொடுப்பது, ஏறு என்றார். என்னையும் சாட்சிக்குப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்.

தாடிக்கொம்பு ரோட்டில் மாட்டு வண்டி போலப் போனோம். தையல், விளக்கு, சார்ஜ் பலகை என்று வரிசையாகப் பாடம் நடந்தது. தம்பி ம், ம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நாற்கரச் சாலையில் ஏறினோம். முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை.

“அந்த டப்பாவத் தெற அப்பு. உள்ள என்ன இருக்கு?” என்றார் சிஸ்டர்.

தம்பி குனிந்து “மோ...” என்றார். சிஸ்டரின் கால் உலோக பெடலில் இறங்கியது. என் முதுகு சீட்டுக்குள் புதைந்தது. கண்ணாடி என் மூக்கிலிருந்து நெற்றிக்குப் போனது. தம்பி மோர் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓர் ஓசை எழுப்பினார். அதை எழுத்தில் கொண்டுவர முடியாது. உண்மையைச் சொல்ல வேண்டும்: வேகம் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் இருந்தது. ஆனால் அந்த வேகத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த விதம் எந்தச் சட்டத்திலும் இல்லை.

சிஸ்டர் வார்டில் பேசுகிற அதே குரலில் பேசினார்.

“நைட் டூட்டி முடிச்சு பஸ்ல நின்னுக்கிட்டே தூங்கிருக்கேன்டா. ரூம்லயும் நான் தூங்குறப்ப இன்னொருத்தி லைட்டப் போடுவா. சாத்துனா சத்தம் நிக்கிற மாதிரி எனக்குன்னு ஒரு கதவு வேணும்னு இருந்துச்சு. இந்தா, நாலு கதவு இருக்கு. ஒண்ணுகூட ஒனக்குக் கிடையாது. அந்த ரூம்ல தீவனத்தையே போட்டு வையி. ஞாயித்துக்கெழமை வாரேன், ஒம் மாமியாளுக்குப் பிரஷர் பாக்குறேன். சாயங்காலம் போயிருவேன்.”

அகரத்தில் அவர் வீட்டு வாசலில் கார் நின்றது. சிஸ்டர் இறங்கவில்லை. தம்பி இறங்கி, மோர் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க மறந்து, கொஞ்ச நேரம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, “மெதுவாப் போக்கா” என்று மட்டும் சொன்னார். சாவியைப் பற்றிப் பேச்சே இல்லை.

திரும்பும் வழியில் சம்பங்கித் தோட்டம் ஒன்றின் ஓரம் சிஸ்டர் காரை நிறுத்தினார். ஏதோ கோளாறு என்று நினைத்து முன்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. அன்றைய அதிர்ச்சிகளில் இதுதான் பெரியது. ஊரையே நடுங்க வைத்த கை அது.

“அவன இடுப்புல வச்சு வளத்தேன் தம்பி. அவங்கிட்ட ‘முடியாது’ன்னு இன்னைக்குத்தான் மொதத் தடவையாச் சொல்லிருக்கேன்” என்றார். “செத்த நேரம் பேசாம உக்காந்துட்டுப் போவமா?”

ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டார். வெளியே லாரி போவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, காற்றுக் கருவி பச்சையாக இருப்பதாகச் சொல்லி என்னைப் பாராட்டினார்.

இப்போதும் பக்கத்து போர்ஷனில்தான் இருக்கிறார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு காரில் ஏறி, நான்கு கதவையும் சாத்திக்கொண்டு சாய்ந்திருப்பார். எங்கும் போகமாட்டார். எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு நிழல் விழுவது என் வீட்டு வாசலில் மட்டும்தான். என் பைக்கை நான் இப்போது அடுத்த தெருவில் நிறுத்துகிறேன். ஏன் என்று மனைவி கேட்டாள். நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.