பைக்குள் வந்த வால்வு

மாதிரி காட்டுவதற்காகப் பைக்குள் கைவிட்ட தலைமை ஆய்வாளர், வெளியே எடுத்ததைச் சட்டென்று மறுபடி உள்ளே திணித்தார். கையில் வந்தது ஆபீஸ் வால்வு அல்ல, அவர் வீட்டு வாட்டர் ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு!

முப்பது வருடமாக ஆலை ஆலையாகப் போய் பாய்லர்களைச் சோதித்தவர். எதிரே புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள். சற்று முன்புதான் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: 'கழற்றியவரே சரிபார்க்கக் கூடாது. வேறொருவர் பார்க்கும்வரை எதையும் ஓட்டக் கூடாது.'

தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதிக்கிறதே என்று காலையில் வால்வைக் கழற்றினார். ஒழுகாமல் இருக்க ஓட்டையை ஒரு மூடியால் இறுக்கினார். ஆபீசில் சோதித்துப் பார்க்கலாமென்று வால்வைப் பையில் போட்டுக்கொண்டவர், மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது ஸ்விட்சைப் போட்டால் ஆவி வெளியேற வழியே கிடையாது. அப்படி வெடித்த டாங்க் ஒன்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதை நேரில் பார்த்தவர் அவர். அவள் குளிக்கிற நேரம் வேறு.

மனைவிக்குப் போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. உடனே குடியிருப்புக் காவலாளியைப் போனில் பிடித்தார்.

"ஓடுப்பா! கட்டடத்து மெயின் ஸ்விட்சை அணைச்சிட்டு எங்க வீட்டு பெல்லை அடி!"

மூச்சிரைக்கப் பதில் வந்தது. "அணைச்சிட்டேன் சார். ஆனா கரண்ட் இல்லாம பெல் எப்படி சார் அடிக்கும்?"

"அப்போ நாலு பேரைச் சேர்த்துக்கிட்டுப் போய்க் கதவை உடை!"

டாக்சியில் ஏறிய பிறகுதான் உறைத்தது. ஏற்கெனவே கொதித்திருந்தால்? நாலு பேரையும் வெடிகுண்டுக்குப் பக்கத்திலேயே அனுப்பியாகிவிட்டது.

"யாரும் மேலே போகாதீங்க! எல்லாரையும் ரோட்டுக்கு அனுப்பு!"

"பாதிப் படி ஏறிட்டோமே சார்! லிஃப்ட்ல வேற யாரோ மாட்டிக்கிட்டுத் தட்டறாங்க!"

"இருக்கட்டும்! இப்போதைக்கு அதுதான் பத்திரமான இடம்!"

அவர் போய் இறங்கியபோது குடியிருப்பே தெருவில் நின்றது. மனைவியை மட்டும் காணோம்.

"உள்ளே போகாதீங்க சார்!" என்று காவலாளி குறுக்கே வந்தார்.

"அவ உள்ளே இருக்காப்பா" என்று காவலாளியை விலக்கிவிட்டு உள்ளே ஓடினார்.

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். எத்தனை ஆலை முதலாளிகளை இதே தப்புக்காகக் கிழி கிழியென்று கிழித்திருப்பார்! அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவம் முழுக்க அவர் தலையில்தான். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார்.

கூடத்து மேசையில் அவள் போன் கிடந்தது. குளியலறையிலிருந்து 'டங் டங்' என்று சத்தம். கண்ணை இறுக மூடிக்கொண்டு கதவைத் தள்ளினார்.

வாயில் டார்ச்சைக் கவ்வியபடி, ஸ்பேனரோடு நின்றார் வழக்கமாக வரும் பிளம்பர். ஹீட்டரைச் சுவரிலிருந்து பாதி இறக்கியிருந்தார்.

"நீ எப்படிப்பா இங்கே? அம்மா எங்கே?"

பிளம்பர் டார்ச்சைக் கையில் எடுத்தார். "புது வால்வு வாங்கக் கடைக்குப் போனாங்க சார். இந்நேரம் வந்திருக்கணுமே."

லிஃப்ட் பக்கமிருந்து தட்டுகிற சத்தம் இப்போது இன்னும் கோபமாகக் கேட்டது. ஆய்வாளர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஹீட்டரைப் போடலையே அவ?"

"எப்படி சார் போடுவாங்க? நீங்க வீட்டுல எதைக் கழற்றினாலும், நான் வந்து பார்க்கறவரைக்கும் அம்மா ஸ்விட்சையே தொடமாட்டாங்க. இருபது வருஷமா இதுதானே ரூல்!"