மஞ்சள் பூசிய சர்வர்

வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் ஆண்பிள்ளையை எங்கள் பக்கம் யாரும் நம்ப மாட்டார்கள். சட்டையை இன் பண்ணிக்கொண்டு, சாப்பாட்டுப் பையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பஸ்ஸைக் கோட்டைவிட்டுத் திரும்பி வருகிறவனுக்குக்கூட ஒரு மரியாதை உண்டு. கீரமங்கலத்தில் மாடி அறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்கு உழைத்த எனக்கு அது கிடைத்ததில்லை. வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆன பிறகும் எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் ஒண்ணும் அமையலையா தம்பி?" என்று அன்போடு விசாரிப்பார்.

அக்கா விசாரித்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எனக்கு வந்த மூன்று வரன்களும் இதே காரணத்தால் தட்டிப்போயின. "பையன் தங்கமான பையன்தான். ஆனா வீட்டுலயேல்ல இருக்கான்" என்று மூன்று வீட்டாரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒரே வசனத்தைச் சொன்னார்கள். (லுங்கியோடு சம்பளம் வாங்குவது அவ்வளவு பெரிய குற்றமா என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.)

நான்காவதாக வந்தது சுகந்தியின் வரன். திருக்கோகர்ணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிற பெண். அந்த லேபின் கம்ப்யூட்டரைப் பராமரிப்பது எங்கள் கம்பெனி; எங்கள் கம்பெனியில் அதைப் பார்ப்பது நான். அங்கே முதலாளியிடம் மட்டும்தான் போனில் பேசியிருக்கிறேன், பெண்ணிடம் பேசியதில்லை. அம்மாவுக்கு அதெல்லாம் முக்கியமில்லை. "பொண்ணு வேலை பாக்குற லேப்போட கம்ப்யூட்டரே எங்க பையன் கையிலதான் இருக்கு" என்று போனில் அளந்துவிட்டார். உடனே பெண் வீட்டிலிருந்து, வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகப் பதில் வந்தது. வீடு பார்ப்பது என்பது பேருக்குத்தான். மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிறதா என்று பார்க்க வருகிறார்கள். இதுவும் போனால் ஐந்தாவது வரன் வராது என்று அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

என் வேலை என்னவென்று ஒரு வார்த்தை. தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் வீட்டிலிருந்தே நுழைய டெர்மினல் என்று ஒரு புரோகிராம் உண்டு. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. வெறும் திரை, அதில் எழுத்துகள். நாம் ஒரு கட்டளையைத் தட்டினால் அங்கே அது நடக்கும். என் டெர்மினலில் இரண்டு பெயர்கள் சேமித்து வைத்திருந்தேன். 'லைவ்' என்பது திருக்கோகர்ணத்து லேபிலேயே ஓர் அறையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர். 'டெஸ்ட்' என்பது சென்னை ஆபீஸில் தூங்கிக்கொண்டிருக்கும் பரிசோதனை மெஷின். அதை என்ன செய்தாலும் யாருக்கும் நட்டமில்லை. லைவைத் திறந்தால் சிவப்புத் திரை வரும், டெஸ்டைத் திறந்தால் கறுப்புத் திரை. என் மேனேஜர் வைத்த ஒரே சட்டம் அதுதான். "எதை மறந்தாலும் கலரை மறக்காதே" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா மாடிக்குக் காபி கொண்டுவந்தார். திரை கறுப்பாக இருந்தது.

"ஏன்டா, நல்ல காரியம் பேச வர்றாங்க, இப்புடிக் கறுகறுன்னு வச்சிருக்க?"

"இது டெஸ்ட்டும்மா."

"எதுவா வேணா இருக்கட்டும். மாத்து."

லைவைத் திறந்து காட்டினேன். ரத்தச் சிவப்பு.

"இது அதைவிட மோசம். அபாயம்னு எழுதி வைக்கிற போர்டு மாதிரி இருக்கு. மஞ்சளா வையி. எழுத்தக் குங்குமக் கலர்ல வையி. பத்திரிகைக்கே நாலு மூலையிலயும் மஞ்சத் தடவித்தான் குடுக்குறோம், இதுக்குத் தடவுனா என்ன கொறஞ்சா போயிருவ?"

படித்தவன், பகுத்தறிவுள்ளவன், இரண்டு வருட அனுபவசாலி. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கியிருக்க வேண்டும். நான் செட்டிங்ஸைத் திறந்தேன்.

அந்தப் புரோகிராமில் நிறத்தைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க முடியாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணைப் போட்டுக் கலக்க வேண்டும். முதலில் நான் கலக்கியதைப் பார்த்து, "இது எலுமிச்சம்பழம்" என்றார் அம்மா. அடுத்ததை, "இது மஞ்சக்காமாலை" என்றார். பிறகு கீழே போய் ஒரு கிழங்கு மஞ்சளை எடுத்துவந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். நான் எண்களைக் கூட்டிக் குறைத்து அந்தக் கிழங்கின் நிறத்துக்கே வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகும் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் 'சேமி' என்பதை அமுக்காவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இரண்டு தடவை அமுக்க மறந்தேன். இரண்டு தடவையும் அம்மா கிழங்கோடு நின்றார்.

ஒருவழியாக லைவுக்கு மஞ்சள் பூசிச் சேமித்தாயிற்று. அடுத்து டெஸ்ட். முறைப்படி டெஸ்டைத் தனியாகத் திறந்து எல்லா எண்களையும் மறுபடி போட வேண்டும். எனக்கோ அறிவு பொங்கி வழிந்துகொண்டிருந்த நேரம். லைவின் செட்டிங்ஸ் அப்படியே திறந்திருக்க, பட்டியலில் 'டெஸ்ட்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்து 'சேமி' என்று அமுக்கினேன். நொடியில் வேலை முடிந்தது. நிறத்தோடு சேர்ந்து லைவின் முகவரியும் அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இனிமேல் டெஸ்ட் என்று திறந்தாலும் திருக்கோகர்ணத்து லேபுக்குள்தான் போய் நிற்பேன். இது எனக்குத் தெரியாது. நான் அம்மாவிடம், "பாத்தியா, ஒரு செகண்டுல முடிச்சேன்" என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். சுகந்தியின் அப்பா சாது. காது கொஞ்சம் மந்தம். அவரோடு சுகந்தியின் தாய்மாமன் வந்திருந்தார். கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கேசரி, பஜ்ஜி எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பிக்கு ஆபீஸ் எங்கிட்டு இருக்கு?"

"மாடியிலங்க."

"ஓ" என்றார். அந்த 'ஓ'வில் முந்தைய மூன்று வரன்களும் என் கண் முன்னால் வந்துபோயின.

எல்லோரையும் மாடிக்கு அழைத்துப் போனேன். மாமா மேசையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், கொடியில் காய்ந்த என் லுங்கியையும் பார்த்தார். "இங்க உக்காந்துக்கிட்டு அங்கிட்டு உள்ள மெஷினை என்ன பண்ண முடியும் தம்பி?" என்றார்.

"என்ன வேணாலும் பண்ணலாங்க."

"அணைக்க முடியுமா?"

அப்போது நான் புத்திசாலியாக நடந்துகொண்டேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். லைவைத் தொடவில்லை. "லேப்போட மெஷினை அணைக்கக் கூடாதுங்க, சனங்க காத்திருப்பாங்க" என்று பொறுப்பாகச் சொல்லிவிட்டு, டெஸ்டைத் திறந்தேன். மங்கலமான மஞ்சள் திரை மலர்ந்தது. எந்த மெஷினுக்குள் நுழைந்தாலும் அதன் பெயர் முதல் வரியிலேயே வரும். அதுவும் வந்தது. அந்தப் பெயர் மட்டும் எப்போதும் மஞ்சள் நிறத்தில் வரும்படி கம்பெனியில் வைத்திருந்தார்கள். மஞ்சளின் மேல் மஞ்சள். கடவுளே வந்து எச்சரித்திருந்தாலும் என் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

அணைக்கும் கட்டளையைத் தட்டினேன். விரலைச் சற்று உயர்த்தி, கச்சேரி வித்வான் மாதிரி ஒரு தோரணையோடு என்டரை அமுக்கினேன். தொடர்பு துண்டிக்கப்பட்டதாக ஒரு வரி வந்தது.

"அணைஞ்சிருச்சுங்க" என்றேன்.

"அணைஞ்சதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார் மாமா.

அத்தாட்சி மூன்றாவது நிமிடத்தில் வந்தது. சுகந்தியின் அப்பாவுக்கு போன். காது மந்தம் என்பதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அப்பா, அவங்க வீட்டுலதான இருக்கீங்க? இங்க லேப்ல சிஸ்டம் மொத்தமும் நின்னுபோச்சு. ரிப்போர்ட் ஒண்ணும் எடுக்க முடியல. ஹால் நெறைய ஆளுக சத்தம் போடுறாக. மொதலாளி அவருகிட்டக் கேக்கச் சொல்றாரு."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பட்டியலைத் திறந்து டெஸ்டின் முகவரியைப் பார்த்தேன். பிறகு லைவின் முகவரியைப் பார்த்தேன். இரண்டும் ஒன்று. வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அணைந்த மெஷினுக்குள் டெர்மினலால் நுழைய முடியாது. யாராவது நேரில் போய்ப் பொத்தானை அமுக்க வேண்டும். நான் போனை வாங்கினேன். சுகந்தியும் நானும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இப்படித்தான்.

"வணக்கங்க. உள்ரூம்ல மேசைக்கு அடியில கறுப்பா ஒரு பெட்டி இருக்கும், பாருங்க."

"உள்ரூம் பூட்டியிருக்கு."

"சாவி?"

"மொதலாளிகிட்ட. இருங்க, வாங்கிட்டு வாரேன்."

காத்திருந்தோம். ஸ்பீக்கரில் யாரோ ஒருவர், "காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல, ஒரு பேப்பரத் தர இம்புட்டு நேரமா?" என்று கத்துவது கேட்டது. அந்தப் பாவமெல்லாம் என் தலையில் இறங்கியது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"பெட்டி இருக்கு. மேல பட்டன் ரெண்டு இருக்கு."

"பெருசா இருக்குறத ஒரு தடவ அமுக்குங்க. ஒரே தடவ."

"அமுக்கிட்டேன். லைட் எரியுது." பிரிண்டர் மறுபடி ஓடும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு அந்தப் பெண் நியாயமான கேள்வியைக் கேட்டாள். "கரண்ட்டு போகல, ஒண்ணும் போகல. இது எப்புடிங்க அணைஞ்சுச்சு?"

பொய் சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. மின்னழுத்தம், சூடு, எலி என்று நாலைந்து காரணங்கள் நாக்கு நுனிவரை வந்தன. அதற்குள் பின்னாலிருந்து மாமாவின் குரல் கணீரென்று எழுந்தது.

"இவருதாம்மா அணைச்சாரு. எங்க கண்ணு முன்னாடிதான் அணைச்சாரு. நாந்தான் அணைக்கச் சொன்னேன்."

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

மாலையில் மேனேஜர் என்னோடு அரைமணி நேரம் பேசினார். அதில் அச்சிடத்தக்க வார்த்தை 'மஞ்சளா?' என்பது ஒன்றுதான். வேலை தப்பியது; இனிமேல் எந்தக் கட்டளைக்கும் முன்னால் மெஷின் பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்ற தண்டனையோடு. லேப் முதலாளிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பெண் வீட்டுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை மாமாவே அம்மாவுக்குப் போன் செய்தார். "இங்க பாருங்கம்மா. நான் முப்பது வருசம் கம்பத்துல ஏறி ஏறி அணைச்சவன். உக்காந்த எடத்துல, மேசையில கைய வச்சு, திருக்கோகர்ணத்த அணைக்கிறாருன்னா வேலை இல்லாத ஆளால முடியுமா? வேலை இருக்கு. புத்தி வேணா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம். அத எங்க பொண்ணு பாத்துக்கிடும்."

அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். இப்போது என் திரையில் லைவ் சிவப்பு, டெஸ்ட் கறுப்பு. அம்மா மாடிக்கு வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மோட்டாரை நிறுத்த நான் எழுந்தால், "பேரப் படிச்சிட்டு அமுக்குங்க" என்கிறாள் சுகந்தி.

மாமாவும் வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறார். எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் போகமாட்டார். கூடத்தில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து, வந்திருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கேட்பார்:

"மாப்ள, அந்த ஃபேன் சுவிட்சப் போடலாமா? இல்ல, திருக்கோகர்ணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடணுமா?"