கேட் பாஸ் இல்லாத கட்டுரை

ஓஸ்வால்டின் கட்டுரையை யாரோ திருடிவிட்டார்கள். ஒரு வரி, இரண்டு வரி அல்ல. தலைப்பிலிருந்து கடைசிப் புள்ளிவரை முழுசாக.

"கேரல்! கேரல்! கீழே வாம்மா, திருட்டு நடந்திருக்கு!"

அவர் மாடிப்படியில் நின்று போட்ட சத்தத்தில் அடுகோடியின் அந்தச் சந்தில் மூன்று ஜன்னல்கள் திறந்தன. மாடி வீட்டு கேரல், ஆபீஸ் மீட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு, காதில் ஹெட்போனோடு ஓடிவந்தாள்.

"என்ன அங்கிள் போச்சு? சிலிண்டரா?"

"கட்டுரை!"

கேரல் யோசித்தாள். "எந்தக் கட்டுரை?"

பாருங்கள், இதுதான் அந்த மனுஷனின் வாழ்க்கை. இருநூற்றுப் பதினான்கு கட்டுரை எழுதியவரைப் பார்த்து, எந்தக் கட்டுரை என்று கேட்கிறார்கள்.

ஓஸ்வால்ட் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர்ஸ் சூபர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் இருந்தவரை கேட் பாஸ் இல்லாமல் ஒரு வாஷர்கூட வெளியே போனதில்லை. ஒருநாள் ஜெனரல் மேனேஜர் தன் சொந்தக் குடையோடு கிளம்பியபோது, "பாஸ் எங்கே சார்?" என்று கேட்டு அவரைக் கால் மணி நேரம் மழையில் நிறுத்தியவர். ரிட்டயர் ஆனதும் காப்பதற்கு ஸ்டோர் இல்லை. அதனால் உலகத்தில் உள்ளவர்களின் காப்புரிமையையெல்லாம் காக்க ஆரம்பித்தார். திருட்டுப் படம் ஏற்றும் இணையதளத்தை முடக்கினார்களா, ஏதோ ஒரு ஏ.ஐ. கம்பெனி எழுத்தாளர்களைக் கேட்காமலே அவர்கள் புத்தகங்களை விழுங்கிவிட்டதா, எந்தச் செய்தி வந்தாலும் அவரிடம் சூடாக ஓர் அபிப்பிராயம் இருக்கும்.

மனைவி நோரா இருந்தவரை அதையெல்லாம் அவளிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே "ம்" கொட்டுவாள். அந்த "ம்" நின்று நாலு வருஷம் ஆகிறது. ஆக்லாந்தில் இருக்கும் மகள் லவினா ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். பத்து நிமிஷம். அதில் ஆறு நிமிஷம் சர்க்கரை மாத்திரைக்குப் போய்விடும். மிச்ச நாலு நிமிஷத்தில் காப்புரிமைச் சட்டத்தைப் பேச முடியுமா? அதனால்தான் இணையத்தில் "கேட் பாஸ்" என்று ஒரு பக்கம் தொடங்கினார்.

பக்கத்தின் மூலையில் "இன்று படித்தவர்கள்" என்று ஒரு எண் ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. அது தினமும் ஒன்றில் வந்து நின்றுவிடும். அவரே திறந்து பார்ப்பது அதில் சேராதபடி கேரல் அமைத்துக் கொடுத்திருந்தாள். ஆக, அந்த ஒன்று அசல் ஒன்று. எங்கேயோ யாரோ ஒருவர், தினமும் காலை எட்டு மணிவாக்கில் வந்து படிக்கிறார். அந்த ஒருவருக்காகத்தான் ஓஸ்வால்ட் ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதினார்.

இப்போது அந்தக் கட்டுரை "சந்தாபுரா சுந்தரம் பக்கம்" என்ற இடத்தில் இருந்தது. அடியில் "க.சு." என்று இனிஷியல் வேறு. கட்டுரையின் தலைப்பு: 'பிறர் எழுத்தை எடுத்துப் போடுவது திருட்டே!'

கேரல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அங்கிள், திருடற அளவுக்கு எழுதறீங்கன்னு சந்தோஷப்படுங்களேன்."

"சந்தோஷமா? முதல்ல என் பக்கத்துக்குப் பூட்டுப் போடு."

யாரும் காப்பி பண்ணி எடுத்து ஒட்ட முடியாதபடி கேரல் பூட்டுப் போட்டாள். மறுநாள் காலை பதினோரு மணிக்குப் புதுக் கட்டுரை சந்தாபுராவில் இருந்தது. அந்த ஆள் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகத் தட்டியிருக்கிறான். அதுமட்டுமா, ஓஸ்வால்ட் விட்டிருந்த இரண்டு ஒற்றெழுத்தையும் சரியான இடத்தில் போட்டிருந்தான். ஓஸ்வால்டுக்கு வயிறு எரிந்தது.

"இரு, கையும் களவுமா பிடிக்கிறேன்."

அடுத்த கட்டுரையின் கடைசி வரியாக, "என் எழுத்தைத் தினமும் ஒரு வெட்கங்கெட்டவன் திருடுகிறான், அவனுக்குச் சோறு எப்படி இறங்குகிறது?" என்று எழுதி வைத்தார். மறுநாள் அந்த வரியும் அப்படியே சந்தாபுராவுக்குப் போய்ச் சேர்ந்தது. கீழே ஒரே பாராட்டு.

"நறுக்குன்னு கேட்டீங்க சார்! வெட்கங்கெட்டவனுங்க!" என்று ஓசூர் முனிரத்தினம்.

"உங்க எழுத்தைப் போய்த் திருடறாங்களா? கை விளங்குமா அவங்களுக்கு?" என்று திருப்பத்தூர் கலைவாணி.

அந்தப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பெயரைத் தட்டி இரண்டு வரி எழுதலாம். ஓஸ்வால்ட் எண்ணிப் பார்த்தார். நாற்பது பேர்! சேலம், ஆம்பூர், கோலார் தங்கவயல் என்று எங்கெங்கோ இருந்து நாற்பது பேர், மாற்றி மாற்றி, தினமும் நாலைந்து பேராவது எழுதினார்கள். எல்லாரும் பகல் பன்னிரண்டு மணிக்குமேல்தான் வருவார்கள். "குழம்பை இறக்கிட்டு வந்து படிச்சேன், மனசு நெறஞ்சுது" என்று ஒருத்தர். "ரசம் கொதிக்கறதுக்குள்ள ரெண்டு தடவை படிச்சுட்டேன்" என்று இன்னொருத்தர். தமிழ் வாசகர்கள் எல்லா ஊரிலும் சமையலை முடித்துவிட்டுத்தான் படிக்கிறார்கள் என்று ஓஸ்வால்ட் குறித்துக்கொண்டார்.

சேலம் ராஜேஸ்வரி என்று ஒருத்தி எழுதியிருந்தாள்: "மூணாவது பாராவுல நீங்க வருத்தத்தோட எழுதின மாதிரி இருந்துச்சு. உடம்பைப் பார்த்துக்குங்க."

ஓஸ்வால்ட் கண்ணாடியைக் கழற்றினார். அந்த மூன்றாவது பாராவை அவர் எழுதியது நோராவின் நினைவு நாளன்று. பாராவில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. முழுக்க முழுக்க சர்வர், டவுன்லோடு, அபராதம். அதைக்கூட ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாளே! நாலு வருஷத்தில் யாரும் அவரை இப்படி விசாரித்ததில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நிமிஷமே, அந்த விசாரிப்பு யாரோ ஒரு க.சு.வுக்குப் போகிறதே என்று பற்றிக்கொண்டும் வந்தது.

உடனே அதன் கீழேயே எழுதினார்: "சகோதரி, இதையெல்லாம் எழுதியது நான். ஓஸ்வால்ட், அடுகோடி."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். சார் எழுதியதைத் தன்னுது என்கிறாரே, இந்த ஆளுக்கு வேற வேலை இல்லையா என்று ஆம்பூர், கோலார், ஓசூர் எல்லாரும் வரிசையாக வந்து சாத்தினார்கள். ராஜேஸ்வரி மட்டும் தன்மையாகச் சொன்னாள்: "பொறாமைப்படாதீங்கண்ணே. நீங்களும் முயற்சி பண்ணா இவரை மாதிரி எழுதலாம்."

இதற்குமேல் ஒரு மனுஷன் பொறுப்பானா? ஓஸ்வால்ட் அந்தப் பக்கத்துக்கு இடம் கொடுத்திருந்த இணைய நிறுவனத்துக்குக் காப்புரிமைப் புகார் தட்டினார். ஆதாரமாக இருநூற்றுப் பதினேழு கட்டுரைகளையும் தேதிவாரியாக இணைத்தார். கேரல்கூடத் தடுத்தாள். "பாவம் அங்கிள், யாரோ என்னமோ. விட்டுடுங்களேன்."

"கேட்டுல ஒருத்தனை விட்டா நாளைக்கு ஒன்பது பேர் வருவான். எனக்குத் தெரியாதா?"

மூன்றே நாளில் சந்தாபுரா சுந்தரம் பக்கம் காணாமல் போனது. ஓஸ்வால்ட் அன்றைக்கு சிவாஜிநகர் போய், ரிட்டயர் ஆன நாளுக்கப்புறம் முதல் தடவையாக மட்டன் வாங்கிவந்து குழம்பு வைத்தார். தனியாளுக்கு அரைக்கிலோ. மூன்று நாள் சாப்பிட்டார்.

நாலாவது நாள்தான் மூலையில் இருந்த எண்ணைக் கவனித்தார். பூஜ்யம்.

நெட் போய்விட்டதோ என்று மோடத்தை அணைத்துப் போட்டார். பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். அதற்கடுத்த நாள் எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காபியில் ஆடை படிந்துவிட்டது.

"கேரல், எண்ணுற மெஷின் ரிப்பேரும்மா."

கேரல் வந்து பார்த்தாள். பிறகு மெதுவாக, "மெஷின் நல்லாத்தான் இருக்கு அங்கிள். அந்த ஒருத்தர்... தினம் எட்டு மணிக்கு வந்து படிச்சு, பார்த்துப் பார்த்து டைப் பண்ணிட்டிருந்தவர்தான்" என்றாள்.

ஓஸ்வால்ட் மறுபடியும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தார். தன்னுடைய ஒரே வாசகனைத் தானே புகார் கொடுத்து வெளியே தள்ளியிருக்கிறார்!

அன்றைக்கு அவர் எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை. ஷேவ் பண்ணுவதையும் விட்டுவிட்டார். வீட்டில் கடிகாரச் சத்தம் இவ்வளவு பலமாக இருந்தது என்பதை அப்போதுதான் கேட்டார். புகாரை வாபஸ் வாங்கலாம் என்று போனால், படிவத்தில் "தவறாகப் புகார் அளித்தேன்" என்று ஒப்புக்கொள்ளச் சொன்னது. தவறு செய்யாத ஸ்டோர்ஸ்காரருக்கு அதில் டிக் அடிக்கக் கை வரவில்லை.

இந்த நேரத்தில் நிறுவனத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. எதிர்த்தரப்பு முறையிட்டிருக்கிறதாம். விதிப்படி பெயரும் விலாசமும் இருந்தன: க. சுந்தரமூர்த்தி, ஓய்வுபெற்ற ஆசிரியர், சந்தாபுரா. முறையீட்டில் ஒரே வரி: "ஐயா, என் பக்கத்தை யாரோ திருடிவிட்டார்கள், கண்டுபிடித்துத் தரவும்."

ஓஸ்வால்ட் ஷேவ் பண்ணிக்கொண்டு பஸ் ஏறினார். ஓசூர் ரோடு முழுக்க டிராஃபிக்கில் ஊர்ந்து, ஒருவழியாக, "சந்தாபுரா! இளீரி இளீரி!" என்று கண்டக்டர் கன்னடத்தில் இறங்கச் சொல்லி விரட்டியபோது மணி பதினொன்றரை.

கதவைத் திறந்தவருக்கு எழுபது வயது இருக்கும். பெயரைச் சொன்னதும் இரண்டு கையாலும் ஓஸ்வால்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட் பாஸ் ஓஸ்வால்டா? வாங்க சார், வாங்க! அன்னம்மா, யாரு வந்திருக்காங்க பாரு!"

உள்ளேயிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். முகம் சட்டென்று மாறியது. "ஒக்காருங்கண்ணே. குழம்பை எறக்கிட்டு வந்திடறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

ஓஸ்வால்ட் விறைப்பாக உட்கார்ந்தார். "சார், என் கட்டுரையை நீங்க எடுத்துப் போட்டீங்க."

"தினமும் போட்டேன் சார்!" என்றார் சுந்தரமூர்த்தி பெருமையாக. "தர்மபுரி பக்கம் கவர்மெண்ட் ஸ்கூல்ல முப்பத்துநாலு வருஷம் வாத்தியார். தினம் காலையில பேப்பர்ல நல்ல சேதியா பாத்து கரும்பலகையில எழுதிப்போடறது என் டியூட்டி. அடியில என் இனிஷியல். பிரேயர் முடிஞ்சு எல்லாப் புள்ளைங்களும் நின்னு படிக்கும். எந்தப் பேப்பர்காரனும் சண்டைக்கு வந்ததில்ல. இங்க மகன் வீட்டுக்கு வந்தப்புறம் பலகையும் இல்ல, படிக்க ஆளும் இல்ல. மகனும் மருமகளும் ஆபீஸ் போனா ராத்திரிதான். அப்புறம் இந்தப் பக்கம் ஆரம்பிச்சேன். எழுதிப்போட நல்ல சேதி தேடினப்ப நீங்க கெடச்சீங்க."

"என்னைத் திருடறவன் வெட்கங்கெட்டவன்னு எழுதினேனே, அதையுமா?"

"அதைப் படிச்சதும் எனக்கு அப்படி ஒரு கோவம் சார்! உங்களைப் போய் எவன் திருடறான்னு ஊருக்கே தெரியட்டும்னு கொட்டை எழுத்துல போட்டேன்."

ஓஸ்வால்ட் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த மனுஷன் முகத்தில் மூன்று நாள் தாடி இருந்தது. அடுகோடியில் கண்ணாடியில் பார்த்த அதே தாடி.

"புகார் கொடுத்தது நான்தான் சார்" என்றார்.

சுந்தரமூர்த்தி தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "தப்புன்னா தப்புதான் சார். பக்கம் போனா போகட்டும். ஆனா நாப்பது பேர் தினம் வந்துட்டிருந்தாங்க. சொல்லாம கொள்ளாம நிறுத்திட்டேன். எனக்கு என்ன ஆச்சோன்னு அவங்க தவிச்சுப் போயிருப்பாங்க. முக்கியமா சேலம் ராஜேஸ்வரி. அவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லணும், அதுக்குத்தான் சார் அந்த லெட்டரே போட்டேன்."

ஓஸ்வால்ட் போனை எடுத்தார். "தவறாகப் புகார் அளித்தேன்" என்ற கட்டத்தில் டிக் அடித்தார். ஆச்சரியம், இப்போது கை வந்தது.

"நாளையிலேருந்து எழுதிப்போடுங்க சார். அடியில என் பேரையும் போடுங்க. அதுதான் கேட் பாஸ்."

"போடறேன் சார், மேலயே போடறேன்! இருங்க, அந்த நாப்பது பேரும் எழுதினதை ஒண்ணு விடாம நோட்டுல காப்பி பண்ணி வெச்சிருக்கேன், காட்டறேன். எல்லாம் உங்களுக்குச் சேர வேண்டியது" என்று சுந்தரமூர்த்தி உள்ளறைக்கு ஓடினார்.

ஓஸ்வால்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாற்பது பேர்! நாளையிலிருந்து நாற்பது பேருக்கு அவர் பெயர் தெரியும். ராஜேஸ்வரிக்கும் தெரியும். பொறாமைக்காரன் என்று நினைத்தது தப்பு என்று அவள் வருத்தப்படக்கூடும். பெரிய மனசோடு மன்னித்துவிட வேண்டியதுதான் என்று முடிவு பண்ணினார்.

அப்போது அன்னம்மாள் காபியோடு வந்தாள். டம்ளரை வைத்தாள். உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, குரலைத் தணித்துச் சொன்னாள்:

"அண்ணே, அவர் வர்றதுக்குள்ள சொல்லிடறேன், அந்த நாப்பது பேருமே நான்தான், ராஜேஸ்வரி மட்டும் அவருக்கே இருக்கட்டும், மத்ததுல ஒரு பத்துப் பேரை உங்க பக்கம் அனுப்பி வைக்கட்டுங்களா?"