கம்பெனி பஸ்ஸின் ஐ.நா. அண்ணன்

உலக அரசியலை வாழ்நாளெல்லாம் பேசி, ஒரு தடவைகூடச் சரியாகச் சொல்லாத மனிதர் இந்தப் பூமியில் எங்கள் ஐ.நா. அண்ணன் ஒருவர்தான். டி.வி. விவாதத்தில் உட்கார்ந்து கத்துகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் நான் கான்ட்ராக்ட்டில் இருந்த காலம். கோவில்பட்டியிலிருந்து வந்து வல்லம் வடகாலில் அறை எடுத்திருந்தேன். அண்ணன் எனக்கு முன்பே பென்னலூரில் பஸ் ஏறிவிடுவார். நான் ஏறும்போது ஐரோப்பாவை முடித்துவிட்டு ஆசியாவுக்குள் நுழைந்திருப்பார். மற்றவர்கள் ஷிஃப்டுக்கு முன்னால் கொஞ்சம் கண்ணயரலாம் என்று பார்ப்பார்கள். விடுவாரா?

பெயர் வந்த கதை சின்னதுதான். ஜன்னல் சீட்டுக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் நடுவில் புகுந்து, "போறப்போ இவன், வர்றப்போ அவன்" என்று தீர்மானம் போட்டார். இருவரும் தலையாட்டிவிட்டு, மறுநாளும் அதே சீட்டுக்கு அதே சட்டையைப் பிடித்தார்கள். தீர்மானம் போடுவார், யாரும் மதிக்க மாட்டார்கள். பிறகு வேறென்ன பெயர் வைப்பது? அவர் அசரவில்லை.

"ஒலகத்துல நடக்கற எல்லா சண்டையும் இந்த ஜன்னல் சீட்டு சண்டதான் தம்பி. காத்து வேணும்னு எவனும் கேக்கல. பக்கத்துல இருக்கறவனுக்குக் கெடைக்கக் கூடாது, அவ்ளோதான்."

அவருடைய அறிவுக்கெல்லாம் ஊற்றுக்கண் ஸ்ரீபெரும்புதூர் பழைய பேப்பர் கடை. உலகப் போர், எண்ணெய் அரசியல் என்று எடைக்கு வாங்கி வருவார். அங்கே வருகிற புத்தகங்களில் கடைசிப் பக்கங்கள் ஏற்கெனவே பஜ்ஜி மடிக்கப் போயிருக்கும். அண்ணன் முடிவைத் தானே கட்டிக்கொள்வார். தோற்ற நாடுகளையெல்லாம் ஜெயிக்கவைத்து எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டுப் படம் என்றால் செல்போனில், சப்டைட்டிலை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திப் படிப்பார். இரண்டு மணி நேரப் படம் எங்கள் பஸ்ஸில் ஒரு வாரம் ஓடும். கிளைமாக்ஸுக்குள் அவருக்குப் பொறுமை போய்விடும், அதற்கும் முடிவு சொந்தச் சரக்குதான்.

பாஸ்போர்ட் கிடையாது. ஆனால் வாராந்திர லீவில் வெளிநாடு போவார். "கொரியா போறேன், வர்றியா?" என்று ஒருநாள் என்னை அழைத்துப்போனது, நெடுஞ்சாலை ஓரத்து கொரிய ஹோட்டலுக்கு. வாசலிலேயே இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டார். பதிலுக்குக் கும்பிட்ட சர்வருக்கு ஊர் சங்கரன்கோவில். கிம்ச்சியை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, "ஊறுகாதான். எண்ண ஊத்த மறந்துட்டாங்க. சோறும் ஊறுகாவும் துன்றவனோட நமக்கு எந்தக் காலத்துலயும் சண்ட வராது, எழுதி வெச்சுக்கோ" என்றார்.

இந்த 'எழுதி வெச்சுக்கோ'தான் விவகாரமே. சண்டை வராது என்பார், சாயங்காலமே எங்கோ குண்டு விழும். பெட்ரோல் இறங்கும் என்பார், ஏறும். நாளைக்கு மழை இல்லை என்றால் மொத்த பஸ்ஸும் குடையோடு வரும். கேன்டீனில் நாளைக்குப் பிரியாணி என்று சொல்லிவிட்டால் வீட்டிலிருந்து டப்பா கட்டிவந்துவிடுவோம். அவர் சொன்னதற்கு நேர்மாறாக நடந்துகொள்வது எங்கள் பஸ்ஸின் சட்டமாகவே ஆகிவிட்டது. அவருக்கு மட்டும் இது தெரியாது.

அப்படியிருக்க, எங்கள் சரக்கு போகிற நாடு இறக்குமதி வரியை ஏற்றிவிட்டது. பெட்டிகள் ஸ்டோரில் தேங்கின. மாதக் கடைசியில் உற்பத்தி லைனை நிறுத்தினாலும் நிறுத்துவோம், கான்ட்ராக்ட் ஆட்கள் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அன்று பஸ்ஸில் ஆளாளுக்குக் கையிருப்பை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. வரிய எறக்கிடுவான். ஒருத்தருக்கும் வேல போவாது. எழுதி வெச்சுக்கோ."

பின் சீட்டில், என்னைப் போலவே கான்ட்ராக்ட்டில் இருந்த செல்வி ஓவென்று அழுதுவிட்டாள். "ஏண்ணே இப்படிச் சொன்னீங்க? வேல போச்சுன்னா ஊருக்குக் கூட்டிட்டுப் போயி மாமா மவனுக்குக் கட்டி வச்சுருவாங்கண்ணே! தயவுசெஞ்சு மாத்திச் சொல்லுங்க!"

"நல்லதுதானம்மா சொன்னேன்?"

டிரைவர்தான் உண்மையை உடைத்தார். "யோவ், நீ சொன்னா அப்டியே உல்ட்டாவாதான் நடக்கும். இந்த பஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

அண்ணன் முகம் சுண்டிவிட்டது. "அப்போ இத்தினி வருசமா நான் பேசினத இப்டித்தான் கேட்டுகினு இருந்தீங்களா?" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அதற்குப் பிறகு சில நாள் பஸ்ஸில் உலகமே இல்லை. தூங்கலாம்தான், யாருக்கும் தூக்கம் வரவில்லை. செல்வி மட்டும் தினமும் இறங்கும்போது, "அண்ணே, ஒரே ஒரு தடவ" என்று கெஞ்சிவிட்டுப் போவாள்.

ஒரு காலையில் நான் ஏறியதும் அண்ணன் எழுந்து டிரைவர் பக்கத்தில் போய் நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. வரி எறங்காது. லைன் நிக்கும். உங்க எல்லாருக்கும் வேல போயிடும். எனக்கு மட்டும் போவாது. எழுதி வெச்சுக்கோங்க!"

விசில் பறந்தது. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். டிரைவர் ஹாரன் அடித்தே தீர்த்துவிட்டார். வேலை போகும் என்று சொன்னதற்கு இப்படிக் கொண்டாடிய கூட்டம் வேறெங்கும் இருக்காது.

வரி இறங்கியதோ, வேறு நாடு கிடைத்ததோ, எங்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? லைன் நிற்கவில்லை. செல்வி உட்பட எல்லோருக்கும் வேலை நீடித்தது. வயது அதிகம் என்று நிறுத்தப்பட்டவர் அண்ணன் ஒருவர்தான்.

ஐ.டி. கார்டைக் கொடுத்துவிட்டு கேட்டுக்கு வெளியே வந்தவரைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, உங்கள மட்டும் ஏன் அப்படிச் சேத்துச் சொன்னீங்க? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லா?"

"அட போடா. லைன் நின்னாலும் ஓடனாலும் எனக்கு வேல இல்லன்னு நான் பஸ்ல சொன்னதுக்கு மொத நாளே கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு. எனக்கு நிச்சயமா தெரிஞ்சது அது ஒண்ணுதான். ஒரு விசயமாவது நிச்சயமா தப்பாப் போனாத்தானே மிச்சமும் தப்பாப் போவும்னு நம்புவீங்க? அந்தப் பொண்ணு தெனமும் அழுதுகினு கீது, பாக்க முடியல."

இனிமேல் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஷேர் ஆட்டோ ஓட்டப் போறேன். ஏறினவன் எறங்கற வரிக்கும் நான் பேசறத கேட்டுத்தானே ஆவணும்?" என்று சிரித்தார். பிறகு பஸ்ஸை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "பொங்கலுக்குள்ள எல்லாரும் என்ன மறந்துடுவீங்க. எழுதி வெச்சுக்கோ."

பொங்கல் வந்தது, போனது. எங்கள் அண்ணன் சொன்னது என்றைக்குப் பலித்திருக்கிறது?